தரையில் விரித்த ஊர்

உலக விஷயங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெயிண்டரை யாராலும் நிறுத்த முடியாது. ஒரே ஒரு சங்கடம், அவர் பேசுவதெல்லாம் எப்போதோ முடிந்துபோன விஷயமாக இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் பிரதமர் பதவி விலகுவாரா மாட்டாரா என்று தெருமுனையில் நின்று மூளையைக் கசக்கிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் விலகி, பின்னால் வந்தவரும் விலகி, மூன்றாவது ஆள் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தெருக்காரர்கள் அவருக்குப் 'போன வருஷம்' என்று பெயர் வைத்ததில் தப்பே சொல்ல முடியாது. போன வருஷம் வேலைக்குக் கிளம்பியாச்சா என்று கேட்டால் அவரும் கோபித்துக்கொள்ளாமல் தலையாட்டிவிட்டுப் போவார்.

எல்லாம் தொழிலால் வந்தது. வீட்டுக்குள்ளே பெயிண்ட் அடிப்பவன் முதலில் தரையைக் காப்பாற்ற வேண்டும். சுவர் எவ்வளவு அழகாக வந்தாலும் தரையில் நாலு சொட்டு விழுந்திருந்தால் வீட்டுக்காரர் கண்ணுக்கு அந்த நாலு சொட்டுதான் தெரியும். அதனால் வேலைக்குப் போகிற வீட்டில் பரண்மேலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கிற பழைய செய்தித்தாள்களைக் கேட்டு வாங்கி, சுவரோரமாக விரித்து, ஓரத்தை டேப்பால் ஒட்டி, அதன்மேல் ஏணியை நிறுத்துவார். சுவரின் கீழ்ப்பகுதிக்கு வரும்போது முழங்கால் போட்டு உட்கார வேண்டும். மூக்குக்கு நேரே உலகம் விரிந்து கிடக்கும். படிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஒரு முழம் அடிப்பார், ஒரு பத்தி படிப்பார். நகர்ந்து உட்கார்ந்து அடுத்த முழம், அடுத்த பத்தி.

கூட வேலை செய்கிறவன் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் ஒரு கட்சிக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டவன். தாளை விரிக்கிற வேலை அவனுடையது என்பதால், அவனுடைய தலைவர் படம் வந்தால் பக்குவமாக மடித்து ஓரமாக வைப்பான். எதிர்க்கட்சித் தலைவர் வந்தால் முகம் மேலே தெரியும்படி, சரியாக ஏணிக்கால் ஊன்றுகிற இடத்தில் விரிப்பான். பெயிண்டருக்கு இதில் பாரபட்சம் கிடையாது. இரண்டு பேர் மேலும் அவருடைய வாளி சிந்தியிருக்கிறது. குழந்தைகள் படத்தையும் இறந்தவர்களுக்கு அஞ்சலி சொல்லும் பக்கத்தையும் மட்டும் அவர் தரையில் போட விடமாட்டார்.

இத்தனை வருஷம் முழங்காலில் உட்கார்ந்து படித்ததில் அவருக்கு ஒரு கொள்கையே உண்டாகிவிட்டது. வரும் வரும் என்று தாள் பயமுறுத்துகிற ஆபத்துகளில் பாதிக்குமேல் வந்ததில்லை. தானியம் தீர்ந்துவிடும் என்று பெரிய எழுத்தில் போட்ட பக்கத்தின் மேல் உட்கார்ந்துதான் அவர் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். தொலைக்காட்சியில் நாலு பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால், இவர்கள் பேச்சை ஆறு மாதம் ஊறப்போட்டுக் கேட்க வேண்டும் என்று சிரிப்பார். ஒரு நாள் மச்சினன் வாயைக் கிளறியபோது, "கெட்டது நடந்தா எழுதுறாங்க மாப்ளே. நாம தப்பிச்சதை யாராவது எழுதுறாங்களா?" என்றார். எழுதுகிறார்கள், ஆனால் உள்பக்கத்தில், இரண்டு வரியில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே. வெள்ளம் வடிந்தது, பள்ளிகள் திறந்தன, காணாமல் போன படகு கரை சேர்ந்தது. அந்த இரண்டு வரியைத் தேடிப் படிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி. முன்பின் தெரியாத ஊர் பிழைத்துக்கொண்டதற்கு, அப்பாடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

மனைவிக்குச் செய்தியே ஆகாது. பள்ளிக்கூடத்து முன்னால் கையில் பலகை பிடித்து வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க விடுவது அவள் வேலை. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். நடுவில் வீட்டில் தாள் கிடைத்தால் விளம்பரங்களை மட்டும் படிப்பாள். ஏன் என்று கேட்டால், செய்தியில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியாது, விளம்பரத்தில் எல்லாருமே பொய் சொல்கிறார்கள் என்று தெரியும், அது நிம்மதி என்பாள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் உடனே பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்தது. ஒரே தாளில் அவர் ஒரு பக்கம், அவள் மறுபக்கம் என்று முப்பது வருஷக் குடித்தனம் ஓடியிருந்தது.

இவர்களுக்கு ஒரே மகள். கடல் தாண்டி ஓர் ஊரில், முதியோர் இல்லத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி ஊட்டிவிடுகிற வேலைக்குப் போயிருந்தாள். போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறையாவது போனில் வந்து, பல்லில்லாத ஒரு கிழவர் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஊர்தான் திடீரென்று முதல் பக்கத்துக்கு வந்தது. எரிபொருள் விலையை ஏற்றினார்களாம், ஜனங்கள் தெருவில் இறங்கினார்களாம், அரசாங்கம் ஊரடங்கு போட்டதாம். போன், இன்டர்நெட் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் எரிகிற பேருந்து ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மகளுடைய போன் மணியே அடிக்கவில்லை. உலகத்துக்கே ஆறுதல் சொல்கிற கொள்கைக்காரர் போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஆறு மாதம் ஊறப்போடலாம் என்று அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் ஞாபகப்படுத்தவில்லை.

வீடு வீடாக இல்லை. அவர் யாரிடமும் பேசாமலாகிவிட்டார். தெருவில் விசாரித்தவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்தார். மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள், சமைப்பாள், அவருக்குப் போடுவாள், தனக்குப் போட்டுக்கொண்டதை அப்படியே மூடி வைப்பாள். ஏன் என்று தம்பி கேட்டால் பிறகு சாப்பிடுகிறேன் என்பாள். அந்தப் பிறகு வரவேயில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் போய்வந்தாள்.

வேலைக்குப் போகாமல் அவராலும் இருக்க முடியவில்லை. ஒரு பல் டாக்டர் அம்மாவின் வீட்டில் உள் அறைகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். சுவரின் குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதல் கோட் முடிந்திருந்தது. பாதியில் விட்டால் சுவர் திட்டுத் திட்டாகிவிடும். போனார். டாக்டர் அம்மா விஷயம் கேள்விப்பட்டு, அன்றன்றைய தாளையும் எடுத்துவந்து, தரையில் விரிக்க வைத்திருந்த பழைய கட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள். நல்ல மனசு. அவர் ஒவ்வொரு நாளும் புதுத் தாளைக் கரைத்துக் குடிக்காத குறையாகப் படித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டார். முதல் பக்கத்தில் அந்த ஊர் புகைந்துகொண்டேயிருந்தது. அவருக்கு முதல் பக்கம் வேண்டாம். உள்பக்கத்து இரண்டு வரிதான் வேண்டும்.

ஒரு நாள் முற்பகலில், மச்சினன் கட்டிலிருந்து தாள்களை உருவி விரித்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே முழங்காலில் நகர்ந்து சுவரின் அடியை ரோலரால் அடித்துக்கொண்டு வந்தார். கதவோரம் வந்தபோது மகள் இருக்கும் ஊரின் பெயர் கண்ணில் பட்டது. சின்ன எழுத்து. இயல்பு நிலை திரும்பியது, பேருந்துகள் ஓடத் தொடங்கின, கடைகள் திறக்கப்பட்டன. அவ்வளவுதான் செய்தி.

அவர் அதை எத்தனை முறை படித்தார் என்று அவருக்கே தெரியாது. ரோலரை வாளியில்கூட வைக்காமல் தாள்மேல் போட்டார். அந்தத் துண்டை மட்டும் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பஸ் ஓடுது மாப்ளே, பஸ் ஓடுது என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ரோலரைக் கழுவாமல் போவது என்பது அவருடைய வாழ்க்கையிலேயே கிடையாது. அன்று அது காய்ந்து கட்டையாகி, கடைசியில் குப்பைக்குத்தான் போனது.

வீட்டில் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து அடுத்த வேளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்கத் துண்டை நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்பக்கம் படித்தாள். வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திருப்பினாள். பிறகு மறுபடி முன்பக்கம். அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்றே?"

"நல்ல சேதிதான்," என்றாள். "கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அன்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் பிசைந்தாள், எடுத்தாள், விழுங்கினாள். தட்டு காலியானது. அவருக்கு அந்தக் காலித் தட்டைப் பார்த்ததே பாதி உயிர் வந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே பேசினார். அந்த ஊர் ஜனங்களைப் பற்றி, ஆட்சியில் இருப்பவர்களின் அகங்காரத்தைப் பற்றி, எந்தக் கலவரத்திலும் முதல் பேருந்தை வெளியே எடுக்கிற ஓட்டுநர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. அந்த முகம் தெரியாத ஓட்டுநருக்கு ஒரு கும்பிடும் போட்டார். அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவருடைய கால் தரையில் பாவவில்லை. போன வருஷம் முதல் தடவையாக இந்த வருஷத்துச் செய்தி சொல்கிறார் என்று தெருவே கூடி நின்று கேட்டது. அவரும் அந்தக் கிண்டலை ரசித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் வேலைக்குப் போய், மற்ற சுவர்களுக்கும் இரண்டாவது கோட் அடித்து முடித்தார். டாக்டர் அம்மா வைத்துவிட்டுப் போகிற புதுத் தாளை, இனி எதற்கு என்று அவர் பிரிக்கவேயில்லை. போன் எப்போது வரும் என்று மச்சினன் கேட்டதற்கு, பேருந்து வந்துவிட்டது, போனும் வரும், அவசரப்படாதே என்றார்.

இடையில் ஒரு சாயங்காலம் தொலைக்காட்சிக்காரன், அந்த நகரில் போக்குவரத்து இன்னும் தொடங்கவில்லை என்று வாசித்தான். பெயிண்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி எழுந்து போய் அதை அணைத்துவிட்டாள். அவனுக்கென்ன தெரியும், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறான் என்றாள். அவருக்கு ஒரே சிரிப்பு. தொலைக்காட்சியே தன்னைவிடப் பின்தங்கிவிட்டதே என்று அதை மறுநாள் தெருவில் போய் வேறு சொன்னார். மச்சினன் அந்தத் துண்டை ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டபோதும் அவள்தான் பதில் சொன்னாள். பத்திரமாக அலமாரியில் புடவைக்கடியில் வைத்திருக்கிறாளாம், சும்மா சும்மா எடுத்தால் கிழிந்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது.

மகள்தான். குரல் கரகரத்திருந்தது, ஆனால் மகளுடைய குரல்தான். தாயும் தகப்பனும் ஒரே போனில் காதை வைத்து, யார் பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் பேசி, மகளைப் பேச விடாமல் செய்தார்கள். ஒருவழியாக அவள் சொன்னதைக் கேட்டார்கள். கலவரம் தொடங்கிய அன்றிலிருந்து இல்லத்தைவிட்டு வெளியே வரவில்லையாம். அடுத்த ஷிப்டுக்கு ஆட்கள் வர வழியில்லாததால் இருந்த நாலைந்து பேரே அத்தனை கிழவர்களையும் பார்த்துக்கொண்டார்களாம். மாவு தீர்ந்து, காய்கறி தீர்ந்து, கடைசியில் கஞ்சிதானாம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கல்யாணம் கேட்ட கிழவர், வெளியே சத்தம் கேட்டபோதெல்லாம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னாராம்.

"இன்னிக்குக் காலையிலதான்ப்பா முதல் பஸ்ஸே வந்தது. அதுல அடுத்த ஷிப்ட் ஆளுங்க வந்து இறங்குனதும் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். போன் லைனும் இப்பதான் விட்டாங்க."

பெயிண்டர் நல்லது நல்லது என்றார். நன்றாகத் தூங்கு, சாப்பிடு என்றார். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடவுளுக்கு, கஞ்சி காய்ச்சியவர்களுக்கு, பல்லில்லாத கிழவருக்கு, ஓட்டுநருக்கு என்று யாருக்கெல்லாம் நன்றி சொல்லலாமோ அத்தனை பேருக்கும் மனசுக்குள் சொல்லி முடித்தார். அப்புறம்தான் உறைத்தது.

இன்றைக்குக் காலையில்தான் பேருந்து வந்தது என்றால், அன்றைக்கே எப்படி ஓடியது?

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். புடவைக்கடியில் துண்டு இருந்தது. அவர் கிழித்தது வெறும் பத்தியை. தேதி இருக்கிற மேல் ஓரம் அன்றைக்கே தரையோடு போய்விட்டது. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தேதியைப் பார் என்று மச்சினனுக்கு ஆயிரம் தடவை ஓதியவர், அன்று ஊரின் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. டாக்டர் அம்மா வீட்டு இருட்டறையில் கட்டாகக் கிடந்ததால் தாள் மஞ்சளும் ஆகவில்லை. முதல் முறையாகப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

கடை காலி செய்கிறோம், பயணப் பெட்டிகள் பாதி விலை, இந்த வாரம் மட்டும் என்றது விளம்பரம். அந்தக் கடை அவருக்குத் தெரியும். இந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் மனைவி அவரையும் மகளையும் இழுத்துக்கொண்டு போய், நீல நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினாள். மகள் அந்தப் பெட்டியோடுதான் விமானம் ஏறினாள். கடை அந்த வாரமே மூடிவிட்டது. இப்போது அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள்.

ஆக, மகள் போவதற்கு முன்னாலும் அந்த ஊரில் ஒரு கலவரம் நடந்திருக்கிறது. பேருந்து நின்றிருக்கிறது, யாரோ பெற்றவர்கள் எங்கோ உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்போதும் அவர் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் இருந்தார். எந்த வீட்டுத் தரையிலோ அந்த ஊரை விரித்து, அதன்மேல் ஏணியைப் போட்டு ஏறியிருப்பார். மிஞ்சிப்போனால் ஓர் அப்பாடா சொல்லிவிட்டு அடுத்த முழத்துக்கு நகர்ந்திருப்பார். நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

துண்டோடு சமையலறைக்குப் போனார். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினாள்.

"அன்னிக்கே பார்த்துட்டியா?"

"வாங்குனதும் பார்த்துட்டேன். அந்தப் பெட்டியை மறப்பேனா? ஏர்போர்ட் போய்ச் சேர்றதுக்குள்ள சக்கரம் கழண்டுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "எத்தனையோ நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் வாயைத் திறந்தீங்க. காலையில எழுந்தா ஏணி ஏறுற ஆளு. கை நடுங்கினா என்ன ஆகிறது?"

"அப்போ இத்தனை நாளும் நீ மட்டும் தனியாவா பயந்துக்கிட்டு இருந்தே?"

"ரெண்டு பேரும் பயந்தா யாரு சமைக்கிறது?" என்றாள், ஏதோ இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

அவருக்குத் தெருவே கூடி நின்று கேட்டது, தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் தான் ஊரெல்லாம் நிம்மதியை அளந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் இவள் நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டு பலகையைத் தூக்கிப் பிடித்து, யார் யார் பெற்ற பிள்ளைகளையோ பத்திரமாகச் சாலை கடக்க விட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவருடைய பேச்சுக்கு ம் கொட்டியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாததால் இப்போதும் வரவில்லை.

"நீ போய் உட்காரு. நான் போடுறேன்," என்றார்.

உங்களுக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியவில்லைதான். கரண்டியைத் தேடவே நேரமானது, தட்டுக்குப் பதிலாக மூடியை எடுத்தார். ஆனாலும் எடுத்துவைத்தார். சோறும் கீரையும்தான், அதுவும் ஆறிப்போயிருந்தது. அவள் உட்கார்ந்தாள், பிசைந்தாள், சாப்பிட ஆரம்பித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. வேகவேகமாகச் சாப்பிட்டாள். தட்டு காலியானதும், யோசிக்காமல் அதை அவர் பக்கம் நீட்டினாள்.

அந்தத் துண்டைக் கொண்டுவந்த அன்றைக்கு அவள் ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டாள், இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. அது இப்போதுதான் பெயிண்டருக்குத் தெரிந்தது. பாத்திரத்தை அப்படியே கவிழ்த்து, இருந்த சோற்றையெல்லாம் அவள் தட்டில் வழித்துப் போட்டார்.